பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணைச் சைக்கிளில் அனுப்பலாமா, கார் வாங்குவதே நல்லதா?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 3

கருமத்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறோம். பெண் இந்த வருடம் பிளஸ் ஒன். பள்ளியில் இலவசச் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். பள்ளி நாலு கிலோமீட்டர் தூரம், நடுவில் ஆறுவழிச்சாலையைத் தாண்ட வேண்டும். "இன்றைக்கு இருக்கிற ரோட்டில் சைக்கிளை விடுவதும் பிள்ளையை லாரிக்குக் கொடுப்பதும் ஒன்று. தவணையில் ஒரு கார் எடுத்துவிடலாம், நானே கொண்டுபோய் விடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதானா? தினமும் சைக்கிளில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஆகஸ்ட் 3, இரவு

நான் போகிறேன், அக்கா. நானும் ஆறுவழிச்சாலைக்கு வடக்குப் பக்கத்துக்காரன்தான். வீட்டிலிருந்து சோமனூர் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து பாசஞ்சரில் பீளமேடு, இறங்கிப் பட்டறைக்கு நடை. பல வருடமாக இதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை. பயப்பட வேண்டிய சாலைதான். ஆனால் ரோடு ரோடு என்று மொத்தமாகப் பேசினால் பதில் கிடைக்காது. அந்த நாலு கிலோமீட்டரைத் துண்டு துண்டாகப் பாருங்கள். தோட்டங்களுக்கு நடுவே போகிற பஞ்சாயத்துச் சாலையில் எதிரே வருவது பால் கேனோடு ஒரு எக்ஸெல் மொபெட், மிஞ்சினால் ஒரு டிராக்டர். உயிருக்கு ஆபத்தான இடங்கள் இரண்டு மூன்றுதான். பஞ்சாயத்துச் சாலை சர்வீஸ் ரோட்டில் சேரும் முக்கு, ஆறுவழிச்சாலையைத் தாண்டும் இடம், பள்ளிக்கு முன்னால் பஸ் நிற்கும் இடம். இந்த மூன்றுக்கும் வழி கண்டுவிட்டால் மீதித் தூரத்தைப் பெண் பார்த்துக்கொள்வாள்.

ஒரு வேலைநாளில், பள்ளி நேரத்தில், நீங்களோ அவரோ இன்னொரு சைக்கிள் எடுத்துக்கொண்டு கூடவே போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்குச் சாலையின் நிஜம் தெரியாது. காரிலிருந்து பார்க்கிற சாலையும் சைக்கிள் சீட்டிலிருந்து பார்க்கிற சாலையும் வேறு வேறு. போய்விட்டு வந்து எழுதுங்கள்.

2025 ஆகஸ்ட் 4

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகும் ஆறுவழிச்சாலையைத் தாண்டுவது பற்றியே யோசனை. அதை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு லேன் மூன்றரை மீட்டர். ஒரு பக்கத்துக்கு மூன்று லேன் என்றால் பத்தரை மீட்டர். ஓரங்களையும் சேர்த்தால் பன்னிரண்டு மீட்டர் ஆகிவிடும். புத்தகப் பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் நடக்கும். ஆகப் பாதிச் சாலையைக் கடக்கவே சுமார் 10 நொடி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும், 10 நொடியில் 220 மீட்டர். மத்திய அரசின் 2018 அறிவிக்கை நான்குவழியும் அதற்கு மேலும் உள்ள நெடுஞ்சாலையில் காருக்கு 100 வரை அனுமதித்தது. அந்த வேகத்தில் 280 மீட்டரை ஒட்டி வரும். அதாவது பெண் முதல் அடி எடுத்து வைக்கும்போது கிட்டத்தட்ட கால் கிலோமீட்டருக்குச் சாலை காலியாக இருக்க வேண்டும். காலையில் எட்டரை மணிக்கு அப்படி எப்போது இருக்கிறது? அதோடு பெரிய வண்டி தூரத்தில் வரும்போது மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். பெரியவர்களே ஏமாந்துபோகிறோம்.

அதனால் நடுத்தடுப்பில் இருக்கிற இடைவெளி வழியாகக் கடக்கவே கூடாது. அவள் நிதானமான பிள்ளையாக இருந்தாலும் கூடாது. கடக்க வேறு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீருக்காகவும் ஆடுமாடுகளுக்காகவும் சாலைக்கு அடியில் விட்டிருக்கும் சின்னச் சுரங்கப்பாதை ஏதாவது உங்கள் பக்கம் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி ஒன்றில்தான் போகிறோம். சுற்றுத்தான், ஆனாலும் பரவாயில்லை.

2025 ஆகஸ்ட் 9

அக்கா எழுதியதைப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகள் பலர் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறார்கள், அதைப் பார்த்தே வீட்டுக்காரர் பயந்துவிட்டார் என்கிறார்.

பிள்ளைகள் ராங் சைடில் வருவதற்குத் திமிர் காரணம் இல்லை. சரியான பக்கம் போக வேண்டுமென்றால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மிதித்துத் திரும்ப வேண்டும். மோட்டார் வண்டிக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆடிக் காற்றில் எதிர்க்காற்று மிதிக்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். சாலை போட்டவர்கள் சைக்கிள்காரனை நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் அங்கே தெரிகிறது. இருந்தாலும் அக்கா, எதிர்த்திசை வேண்டாம். எதிரெதிரே வரும்போது இரண்டு வேகமும் கூடிவிடும். அதோடு சந்திலிருந்து சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்புகிற ஓட்டுநர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார். இடது பக்கமிருந்து வருகிற சைக்கிள் அவர் கண்ணிலேயே படாது.

அடுத்து, கார். 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897, நடந்து போனவர்கள் 32,825, சைக்கிளில் போனவர்கள் 4,800ஐ ஒட்டி. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதல் இடம்: 64,105. இதை வைத்துச் சைக்கிள் பத்திரம் என்று சொல்ல வரவில்லை. சைக்கிளில் போகிறவர்களே குறைந்துபோய்விட்டார்கள், அதனால் எண்ணிக்கையும் குறைவாகத் தெரிகிறது. நான் பார்ப்பது வேறு. செத்தவர்களில் பாதிக்கு மேல் நடந்தோ இருசக்கரத்திலோ போனவர்கள். அவர்களில் பலரை இடித்தது அவர்களைவிடப் பெரிய வண்டி. ஆளாளுக்குப் பயந்து இன்னும் பெரிய வண்டி வாங்கினால், வாங்க முடியாதவன் வீட்டுப் பிள்ளைக்குச் சாலை இன்னும் மோசமாகும். இந்த வருடம் உங்கள் பெண் காரில் போய்விடுவாள். எதிர்வீட்டுப் பெண் சைக்கிளில்தானே போக வேண்டும்?

வீட்டில் கார் இருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு, ராத்திரிப் பயணத்துக்கு, வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. நாலு கிலோமீட்டர் பள்ளிக்குத் தினமும் காலையும் மாலையும் கார் என்பதைத்தான் கேட்கிறேன்.

2025 ஆகஸ்ட் 10

ஹெல்மெட் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். போடலாம், நான் போடுகிறேன். கல் தட்டித் தனியாக விழுந்தால் தலையைக் காப்பாற்றும். லாரியிடமிருந்து காப்பாற்றாது. ஹெல்மெட் மாட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடக் கூடாது.

2025 ஆகஸ்ட் 16

நேற்று சுதந்திர தினக் கிராம சபை. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, தனி அலுவலர் பொறுப்பில்தான் கூட்டம் நடக்கிறது. நானும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து சுரங்கப்பாதைக்கு விளக்கு கேட்டு மனு கொடுத்தோம். பேசும்போது ஒரு பெரியவர் எழுந்து இட்டேரியைப் பற்றிச் சொன்னார். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலியும் கள்ளியுமாக, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் ஓடும் தடம்தான் இட்டேரி. ஊரிலிருந்து ஊருக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு எல்லாம் அந்தக் காலத்தில் அதில்தான் போனார்கள். என் அப்பாரு (தாத்தா) சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு சோமனூர்ச் சந்தைக்குப் போனது எங்கள் ஊர் இட்டேரியில்தான். அதில் பாதி இன்றைக்குத் தார் ரோடு ஆகிவிட்டது. கொஞ்சம் வேலியோடு சேர்ந்து தோட்டத்துக்குள் போய்விட்டது. மீதி இன்னமும் கிடக்கிறது, சீமைக் கருவேலம் மூடி.

அந்தப் பெரியவர் கேட்டது இதுதான். "ஏனுங்க, இந்தத் தடத்துல போனா ஆறுவழிச்சாலைக்கு அடியில இருக்கற பொந்துக்கு நேரா போயிரலாமுங்க. எதுக்கு பசங்க சர்வீஸ் ரோட்டுல சாவறாங்க?"

வரைபடத்தில் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. மண்தடம் நேராகச் சுரங்கப்பாதையின் வாய்க்கே போகிறது. ஏனென்றால் பழைய தடத்தில் ஆடுமாடு போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த இடத்தில் சுரங்கப்பாதையே விட்டிருக்கிறார்கள்.

இதை மற்ற ஊர்க்காரர்களும் யோசிக்க வேண்டும். சைக்கிள் பாதை என்றதும் சிவப்புப் பெயின்ட் அடித்த புதுப் பாதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பக்கம் பாதை ஏற்கனவே இருக்கிறது. கோபி, பவானி வட்டாரத்தில் கீழ்பவானி வாய்க்கால் கரை, ஈரோட்டைச் சுற்றிக் காலிங்கராயன் வாய்க்கால் கரை, பொள்ளாச்சி உடுமலையில் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் கரைகள், மற்ற இடங்களில் இட்டேரியும் தோட்டத்துத் தடமும். பெரிய சாலை குறுக்கே வெட்டிய இடங்களில்தான் இவை அறுந்து கிடக்கின்றன. அந்த இடங்களைச் சேர்த்துவைத்தால் போதும்.

காற்றுக்கும் இட்டேரி நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் என்ன பாடு படுத்தும் என்று பல்லடம், உடுமலைப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வது இல்லை. வெட்டவெளிச் சாலையில் லாரி பக்கத்தில் வரும்போது காற்று நின்று, கடந்ததும் மறுபடி அறையும். அந்த நேரத்தில் ஹேண்டில்பார் ஆடுகிற ஆட்டம் மிக ஆபத்து. இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2025 ஆகஸ்ட் 24

இட்டேரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கை கோபமாகக் கேட்டிருக்கிறார்: "பதினாறு வயசுப் பொண்ணு ஆளில்லாத தடத்துல பொழுதோட தனியா வரணுமா? நீங்க ஆம்பளை, வெள்ளனப் போய்ட்டு வந்துருவீங்க."

கேட்டது நியாயம். லாரி வராத இடம் என்பதாலேயே அது பெண்பிள்ளைக்குப் பத்திரமான இடம் ஆகிவிடாது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்கு மேல் வருகிற பிள்ளைக்கு ஆள் நடமாட்டம் வேண்டும், விளக்கு வேண்டும், கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் ஒரு வீடாவது வேண்டும். இதையெல்லாம் சேர்த்துத்தான் இட்டேரியைக் கேட்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கூட்டமாகக் கிளம்பியதால்தான் ஊர் வாயை அடைக்க முடிந்தது. இங்கேயும் ஒரே தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்பட்டும். மாலையில் நேரமானால் அன்றைக்கு மட்டும் யாராவது ஒரு வீட்டுப் பெரியவர் எதிரே போய்க் கூட்டிவரட்டும்.

அப்புறம் நாய். இட்டேரியில் பெரிய தொல்லை அதுதான். துரத்தும்போது வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாகத்தான் வரும். வேகத்தைக் குறைத்து, முடிந்தால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும்.

2025 செப்டம்பர் 7

சங்ககிரியில் என் மாமா லாரி ஓட்டுகிறார். வடநாட்டுச் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பி ஒரு வாரம் வீட்டில் இருந்தார். பார்க்கப் போன இடத்தில் ஒன்று செய்து பார்த்தோம், அதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

என்னைக் கேபினில் ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தார். அவர் மகள் ஏழாவது படிக்கிறாள், அவளைச் சைக்கிளோடு லாரியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஆள் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் டீசல் டேங்கும் பின்சக்கரமும் தெரிகின்றன. அவள் தெரியவில்லை. "கையைத் தூக்கு கண்ணு" என்றார். விரல் நுனிகூடத் தெரியவில்லை. பிறகு பம்பருக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்கச் சொன்னார். அங்கேயும் தெரியவில்லை. நாலைந்து அடி முன்னால் போகப் போகத்தான் தலைமுடி, ரிப்பன், முகம் என்று மேலே வந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மாமா சொன்னார்: "சிக்னல்ல நிக்கறப்ப இடது பக்கமா சந்துல பூந்து வர்ற சைக்கிளை நாங்க பாக்கறதே இல்ல மாப்ள. பச்சை விழுந்து இடது திரும்பறப்ப பின்சக்கரம் உள்ள வாங்கும். முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் வராது."

ஆகப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். நிற்கிற லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடது பக்கச் சந்தில் நுழையக் கூடாது. பின்னாலேயே நின்றுவிட வேண்டும். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் கண் நமக்குத் தெரிந்தால்தான் நாம் அவருக்குத் தெரிவோம். முடிந்தால் நிற்கிற லாரி ஒன்றில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டுங்கள். நம் பக்கம் லாரிக்காரர் இல்லாத சொந்தபந்தம் எது? ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஓரமாக நிறுத்தி இறங்கும்போது வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

2025 செப்டம்பர் 9

இலவசச் சைக்கிளை அப்படியே ஓட்டக் கொடுக்காதீர்கள். வாங்கினதும் கடையில் விட்டு போல்ட் எல்லாம் இறுக்கி, ரிம் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை சரியாகப் படுகிறதா என்று பாருங்கள். சீட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு காலின் முன்பாதமும் தரையில் படுகிற உயரம் போதும், பிள்ளைகளுக்கு அதுதான் தைரியம். பின்னால் ஒரு சிவப்பு பேட்டரி விளக்கு, பெடல் இரண்டிலும் மஞ்சள் ரிஃப்ளெக்டர். பெடல் மேலும் கீழும் போவதால் தூரத்திலிருந்தே சைக்கிள் என்று தெரிந்துவிடும். மழைக்கோட்டு வாங்குவதென்றால் கறுப்பு வேண்டாம்.

2025 செப்டம்பர் 28

அக்காவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. சுரங்கப்பாதை வழியாகத் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து போகிறார்களாம். முதல் சில நாள் வீட்டுக்காரர் எக்ஸெல்லில் பின்னாலேயே போயிருக்கிறார், இப்போது சுரங்கப்பாதை முக்கு வரை மட்டும் போகிறாராம். கார் பேச்சு அப்படியே நிற்கிறதாம். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொரு கேள்விக்கு வருகிறேன். "பள்ளிக்குச் சரி, இருபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்?" சைக்கிளை மட்டும் நம்பிப் போக முடியாதுதான். சைக்கிளோடு பஸ்ஸோ ரயிலோ சேர வேண்டும்.

என் சித்தி மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடம் மூன்று கிலோமீட்டர். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு பஸ்ஸுக்கு அவளுக்குச் செலவே இல்லை. ஆனால் அந்த மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ வைத்தால் சம்பளத்தில் கடித்துவிடும். சைக்கிளில் வந்து பஸ் ஏறலாம், ஏறுவாள். சைக்கிளை எங்கே விடுவது? மரத்தடியில் பூட்டி வைத்துவிட்டுப் போன சைக்கிள் சாயங்காலம் சீட் இல்லாமல் நின்றிருக்கிறது. கடைசியில் ஒரு பேக்கரிக்காரர் கடைக்குப் பின்னால் இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அதே ஊரிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். ஒரு தகரக் கொட்டகை, நாலு இரும்புக் குழாய், பார்த்துக்கொள்ள ஒரு ஆள். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் இது இருந்தால் எத்தனை மொபெட் தவணை மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரயிலிலும் அப்படித்தான். ஈரோட்டிலிருந்து கோவை வரை பெருந்துறை, விஜயமங்கலம், ஊத்துக்குளி, திருப்பூர், வஞ்சிபாளையம், சோமனூர், இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு என்று ஊருக்கு ஊர் ஸ்டேஷன் இருக்கிறது. தண்டவாளம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிடக்கிறது. அரை மணிக்கு ஒரு பாசஞ்சர் விட்டால் அவிநாசி ரோட்டில் பாதிக் கூட்டம் குறையும்.

2025 அக்டோபர் 12

கோவை அவிநாசி ரோட்டு மேம்பாலத்தை வியாழக்கிழமை திறந்துவிட்டார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், செலவு 1,791 கோடி ரூபாய், கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பெயர். பெயர் வைத்தது பொருத்தம். விமான நிலையம் போகிறவர்களுக்கு நல்ல காலம்.

எனக்குக் கீழே இருக்கிற சாலையைப் பற்றித்தான் கவலை. தூரம் போகிற வண்டிகளெல்லாம் மேலே ஏறிவிட்டால் கீழே நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் பஸ்ஸுக்கும் இடம் ஒதுக்க இதைவிட நல்ல நேரம் வராது. இப்போதே கேட்காவிட்டால் ஆறு மாதத்தில் அங்கே கார் நிறுத்த ஆரம்பித்துவிடுவார்கள். சைக்கிள் பாதைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள் எப்போதிருந்தோ இருக்கின்றன. 1962இல் வந்த முதல் நெறியே அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது.

யூ-டர்ன் விவகாரத்தையும் இதோடு பேச வேண்டும். சில வருடங்களுக்கு முன் கோவையில் பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். காரில் போகிறவர்கள் நிற்காமல் போகிறோம் என்று சந்தோஷப்பட்டார்கள், அது உண்மைதான். ஆனால் சிக்னல் இருந்தபோது எல்லா வண்டியும் நிற்கிற அரை நிமிடம் ஒன்று இருந்தது. வயதான அம்மா ஒருவர் கூடையோடு கடந்தது அந்த அரை நிமிடத்தில்தான். இப்போது ஓட்டம் நிற்பதே இல்லை. சைக்கிள்காரன் வலது ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு இடது ஓரத்திலிருந்து வேகமான வண்டிகளுக்கு நடுவே குறுக்கே வெட்டிப் போயாக வேண்டும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன். யூ-டர்னுக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்காகப் பொத்தான் சிக்னல் ஒன்றாவது வைக்க வேண்டும்.

"நெதர்லாந்து மாதிரி ஊரெல்லாம் சைக்கிள் பாதை இங்கே வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெதர்லாந்திலும் முதலில் அப்படி இல்லை, ஐயா. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து மறியல் செய்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, காலியான சாலை எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகுதான் பாதைகள் வந்தன. தாய்மார்கள் கேட்டுத்தான் கிடைத்தது. இந்த இழையைத் தொடங்கியதும் ஒரு தாய்தான்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70 வரை அனுமதித்தது, மாநிலம் நினைத்தால் குறைக்கலாம் என்றும் சொன்னது. நடப்பவர்களும் சைக்கிள்களும் வண்டிகளோடு கலந்து போகும் தெருவில் 30க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வேகம் இரண்டு மடங்கு ஆனால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. பள்ளி முன்னால் ஒரு வேகத்தடையாவது கேளுங்கள்.

2025 அக்டோபர் 26

மழை பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். அக்கா, இன்றைக்கும் நாளைக்கும் பிள்ளைகளை அதில் விடாதீர்கள். பள்ளம் தெரியாது. அதற்காக நடுத்தடுப்பு இடைவெளி பக்கமும் விடாதீர்கள். பஸ்ஸில் போகட்டும், இல்லையென்றால் யாராவது கொண்டுபோய் விடட்டும். ஈரத்தில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாகப் பிடித்து விட்டால் ரிம்மில் இருக்கிற தண்ணீர் போய்விடும்.

யாரும் எழுதவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அடிபட்டால் 108. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. திருப்பூரில் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒடிசா, பீகார் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். அவர்களுக்குத்தான் சொல்ல ஆள் இல்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் நம்மை அலைக்கழிக்கும் என்ற பயமும் வேண்டாம். உதவி செய்பவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்த்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் 2

நேற்று உள்ளாட்சி தினக் கிராம சபை. இந்தத் தடவை தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். இட்டேரியில் சீமைக் கருவேலத்தை வெட்டுவதற்கும், சுரங்கப்பாதை வரை தெருவிளக்குப் போடுவதற்கும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. தண்ணீர் வடிகால் மட்டும் ஊராட்சி கையில் இல்லை, நெடுஞ்சாலைக்காரர்கள் செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். நகல் வாங்கி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்ப வேண்டும்.

2025 நவம்பர் 23

கோவை மெட்ரோ ரயில் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள். 2017 கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், கோவைக்கு 2011 கணக்கில் அது இல்லை என்பது காரணம். 2011க்குப் பிறகு இந்த ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சரவணம்பட்டியில் நின்று பார்த்தால் போதும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மெட்ரோ வருகிற வரைக்கும் பாசஞ்சர் ரயிலையும் டவுன் பஸ்ஸையும் கூட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அதையும் சேர்த்துக் கேட்போம்.

மின்சாரச் சைக்கிள் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் 25ஐத் தாண்டாமல் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். காற்றடிக்கும் உடுமலைப் பக்கத்துக்கும், ஐம்பது வயதுக்கு மேல் மிதிப்பவர்களுக்கும் நல்ல துணை. வாங்கும்போது மிதித்து ஓட்டிப் பாருங்கள், பேட்டரி தீர்ந்தால் வீடு வந்து சேர வேண்டுமே.

வடிகால் மனுவின் படிவத்தைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய படிவம் ஒன்றும் இல்லை. சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல் எண், மழைத்தண்ணீர் நிற்கிற படம், எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு அதில் போகிறார்கள் என்ற விவரம், கிராம சபைத் தீர்மான நகல். இந்த நாலும் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபை ஜனவரி 26. அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் தடம் எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு தடவை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, ஊர் பெயரோடு இங்கே எழுதுங்கள். நான் ஒரே வரைபடத்தில் குறித்து வைக்கிறேன்.